தண்ணீரின் போக்கில் தெரியும் தடம்: பைபோலார் குடும்பங்களும் மூளையின் வெண்பொருளும்

மனநிலை மட்டுமீறிய உற்சாகத்துக்கும் (மேனியா) ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் பைபோலார் நோய் தாய்க்கோ தகப்பனுக்கோ இருக்கும் வீட்டில், பிள்ளை பதினைந்து பதினாறு வயதைத் தொட்டதும் ஒரு கேள்வி எழும்: இவனுக்கும் வருமா? மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடாதா? பைபோலார் உள்ளவர்களின் மூளையில் நரம்பு இணைப்புகள் வேறுபடுகின்றன என்ற செய்தியை எங்காவது படித்திருப்பார்கள். செய்தி சரிதான். நோய் வராத உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் அதன் சாயல் கொஞ்சம் தென்படுகிறது என்பதும் சரிதான். ஆனால் அதே ஸ்கேன், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு நோய் வருமா வராதா என்று சொல்லாது. இவை எல்லாம் ஒருசேர எப்படி உண்மையாகின்றன என்பது, அந்த ஸ்கேன் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் குடும்பக் கணக்கு. பொதுமக்களில் 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வாழ்நாளில் பைபோலார் வருகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற முதல்நிலை உறவில் ஒருவருக்கு நோய் இருந்தால் அது 100க்கு 5 முதல் 10 வரை உயர்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 40 முதல் 70 சதவீதம். இந்த எண்களைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். முதல்நிலை உறவினர் 100 பேரில் 90 முதல் 95 பேர் நோய் வராமலேயே வாழ்கிறார்கள். ஒரே மரபணுக்களைப் பகிர்ந்த இரட்டையரிலும் கணிசமானோர் தப்பிக்கிறார்கள். 2025இல் வெளியான மிகப்பெரிய மரபணு ஆய்வு 1,58,036 நோயாளிகளின் தரவை வைத்து, மரபணுத் தொகுதியில் 298 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வோர் இடமும் தள்ளும் தள்ளல் மிகச் சிறியது. அத்தனை சிறு தள்ளல்களும் மூளையில் போய் எங்கே சேர்கின்றன என்று தேடும்போது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடங்களில் ஒன்று வெண்பொருள்.

வெண்பொருள் என்பது மூளையின் கம்பிவடம். நரம்பணுக்களின் உடல்கள் இருக்கும் பகுதி சாம்பல்பொருள். அவற்றிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் என்ற நீண்ட இழைகள் கட்டுக்கட்டாக ஓடும் பகுதி வெண்பொருள். 20 வயதில் மூளையிலுள்ள மையலின் பூசிய இழைகளை எல்லாம் நேர்க்கோட்டில் வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதல் ஒன்றேமுக்கால் லட்சம் கிலோமீட்டர் வரும். மையலின் என்பது கொழுப்பு மிகுந்த உறை. அதுதான் வெள்ளை நிறத்தைத் தருகிறது. அதை உண்டாக்குபவை ஒலிகோடென்ட்ரோசைட் என்ற துணையணுக்கள். உறை தடித்தால் சமிக்ஞை விரைந்து போகும். ஆனால் வேகத்தைவிட நேரப்பொருத்தம் முக்கியம். வெவ்வேறு தூரத்திலிருந்து வரும் சமிக்ஞைகள் ஓர் அணுவில் சில மில்லிநொடிகளுக்குள் வந்து சேர்ந்தால்தான் அவை கூட்டாக வேலை செய்யும்.

உணர்ச்சி சம்பந்தப்பட்ட தடங்கள் என்று பார்த்தால் சில பெயர்கள் அடிக்கடி வரும். இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம், சுமார் 20 கோடி இழைகள் கொண்டது. அதன் மேல் முதுகிலேயே ஒட்டி ஓடுவது சிங்குலம். நெற்றிப்பகுதியின் அடிப்புறத்தையும், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா இருக்கும் பொட்டுமடலின் முனையையும் கொக்கிபோல் வளைந்து இணைப்பது அன்சினேட் தடம். நெற்றிப்பகுதியிலிருந்து, மூளையின் நடுவே சமிக்ஞைகளைக் கைமாற்றும் தலாமஸுக்குப் போகும் இழைகள் உட்கவசம் என்ற அடர்ந்த இழைக்கட்டின் முன்கால் வழியாக இறங்குகின்றன. இவற்றில் சிங்குலமும் அன்சினேட்டும் மிகத் தாமதமாக முதிர்பவை. இருபதுகளின் பின்பாதி வரைக்கும், அதைத் தாண்டியும் மாறிக்கொண்டே இருக்கும். பைபோலார் பெரும்பாலும் தலைகாட்டுவது 15க்கும் 25க்கும் இடையில். இந்த இரண்டு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது ஆய்வாளர்களின் கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை. 2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று, இறந்தவர்களின் நெற்றிப்பகுதித் திசுவில் மையலின் தொடர்பான மரபணுக்களின் செயல்பாடு ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயிலும் பைபோலாரிலும் குறைந்திருப்பதைக் காட்டியது. உயிரோடு இருப்பவரிடம் திசுவை வெட்டிப் பார்க்க முடியாது. அங்கேதான் ஸ்கேன் வருகிறது.

அளப்பது இழையை அல்ல, தண்ணீரை

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருள் ஒரே சீரான பரப்பாகத் தெரியும். அதில் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தெரியாது. டி.டி.ஐ. எனப்படும் பரவல் டென்சர் படமெடுப்பு இதைச் சுற்றிவளைத்துப் பிடிக்கிறது. 1994இல் பாஸர், மாட்டியல்லோ, ல பியான் ஆகிய மூவர் இதன் கணித அடிப்படையை வெளியிட்டார்கள்.

திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஓய்வின்றி அலைகின்றன. 50 மில்லிநொடியில் மூளைக்குள் ஒரு மூலக்கூறு சராசரியாக 8 மைக்ரோமீட்டர் அளவுக்கு நகரும். இழைக்கட்டின் நீளவாக்கில் நகர்வது எளிது. குறுக்கே போக வேண்டுமென்றால் சவ்வும் மையலினும் தடுக்கும். குறிப்பிட்ட திசையில் காந்தப்புலச் சரிவை ஏற்படுத்தினால், அந்தத் திசையில் நீர் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு சமிக்ஞை மங்கும். ஆறு திசைகளாவது அளந்தால்தான் டென்சரை, அதாவது திசைவாரிப் பரவலின் கணித வடிவத்தை, கணக்கிட முடியும். நடைமுறையில் 30 அல்லது 64 திசைகள் எடுப்பார்கள். கிடைப்பது, 2 மி.மீ. கனசதுரமான ஒவ்வொரு வாக்செலுக்கும் மூன்று எண்கள்: நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஏற்றத்தாழ்வாக உள்ளன என்பதை 0 முதல் 1 வரையிலான ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் அதுதான் எஃப்.ஏ. எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால் 0. ஒரே திசையில் மட்டும் என்றால் 1.

இந்த ஒற்றை எண்ணைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒரு வாக்செலில் நீளவாக்குப் பரவல் 1.6, குறுக்குப் பரவல்கள் 0.4, 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள் (அலகு, மில்லிநொடிக்குச் சதுர மைக்ரோமீட்டர்). எஃப்.ஏ. 0.71 வரும். இறுக்கமாக அடுக்கிய தடத்துக்குப் பொருத்தமான எண். இப்போது மையலின் மெலிந்து, குறுக்குப் பரவல் இரண்டும் 0.5 ஆகிறது. எஃப்.ஏ. 0.63 ஆக இறங்கும். வேறொருவரிடம் மையலின் நன்றாகவே இருக்கிறது. நீளவாக்குப் பரவல்தான் 1.6இலிருந்து 1.3 ஆகக் குறைந்திருக்கிறது. அங்கும் எஃப்.ஏ. 0.63தான். காரணங்கள் வேறு, எண் ஒன்றே. சராசரிப் பரவலைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே முதலாவது 0.87, இரண்டாவது 0.70 என்று பிரியும்.

இன்னொரு கணக்கு இதைவிடச் சங்கடமானது. இரண்டு இழைக்கட்டுகள் ஒரே வாக்செலில் செங்குத்தாகக் குறுக்கிட்டுச் சரிபாதி இடம் பிடித்தால் பரவல்கள் 1.0, 1.0, 0.4 என்றாகி, எஃப்.ஏ. 0.41க்கு விழும். இரண்டு கட்டுகளும் முழு ஆரோக்கியமாகவே இருக்கின்றன. இனி அதில் ஒன்று நலிந்து, பங்கு முக்கால்-கால் என்று மாறினால் பரவல்கள் 1.3, 0.7, 0.4. எஃப்.ஏ. 0.52 ஆக உயர்கிறது! இழை இழந்த வாக்செலில் எண் கூடுகிறது. வெண்பொருளின் பெரும்பாலான வாக்செல்களில் இப்படிக் குறுக்கிடும் இழைகள் உண்டு. ஆகவே எஃப்.ஏ. குறைந்தால் ‘சேதம்’, கூடினால் ‘நலம்’ என்று எழுதும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ‘வெண்பொருளின் உறுதி’ என்று எஃப்.ஏ.வுக்குப் பட்டம் சூட்டுவது துறைக்குள்ளேயே ஊறிப்போன பழக்கம். அதை விட்டொழிப்பதே நல்லது.

ஸ்கேனில் கெடுவது எங்கே

நடைமுறையில் 3 டெஸ்லா கருவியில் ஓர் ஆய்வுக்கான டி.டி.ஐ. சுமார் 10 நிமிடம் எடுக்கும். பி மதிப்பு (காந்தப்புலச் சரிவு எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் எண்) 1000, திசைகள் 64, ஏழெட்டுத் திசைக்கு ஒன்று வீதம் சரிவு இல்லாத பி-பூஜ்யப் படம். கூடவே, அதே பி-பூஜ்யப் படத்தை எதிர்த்திசைக் குறியாக்கத்தில் ஒருமுறை எடுப்பது அவசியம். காற்றறைகளுக்கு அருகே, அதாவது நெற்றியின் அடிப்புறத்திலும் பொட்டுமடலின் முனையிலும், படம் இழுபட்டுச் சிதைந்திருக்கும். எதிர்த்திசைப் படம் இருந்தால்தான் அந்தச் சிதைவைக் கணித்துத் திருத்த முடியும். அன்சினேட் தடம் போவது சரியாக அந்த இடத்தின் வழியாகத்தான். பழைய ஆய்வுகள் பலவற்றில் இந்த ஒரு நிமிடப் படம் எடுக்கப்படவில்லை. அவற்றின் அன்சினேட் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணம்.

பெரிய எதிரி தலை அசைவு. தலை அசைந்தால் சில குறுக்குவெட்டுகளில் சமிக்ஞை அப்படியே விழுந்துவிடும். படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். மேனியா நிலையில் இருப்பவரும் பதின்வயதுப் பிள்ளையும் மற்றவர்களைவிட அதிகமாக அசைவார்கள். அசைவில் மட்டுமே வேறுபடும் இரண்டு குழுக்களை ஒப்பிட்டாலும் நோய் வேறுபாடு போலவே ஒரு வேறுபாடு தோன்றும் என்பதை 2014இல் யெண்டிகி குழு குழந்தைகளின் தரவை வைத்துத் தெளிவாகக் காட்டியது. அதனால் அசைவைத் திருத்துவது மட்டும் போதாது. ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு அசைந்தார் என்ற எண்ணைக் குழுவாரியாக ஒப்பிட்டு, புள்ளியியல் மாதிரியிலும் அதைச் சேர்க்க வேண்டும். அதை வெளியிடாத கட்டுரையின் முடிவை அரைகுறையாகத்தான் ஏற்கலாம்.

அசைவைத் திருத்தும்போது படத்தைத் திருப்பினால், சரிவுத் திசைகளின் அட்டவணையையும் அதே கோணத்தில் திருப்ப வேண்டும். மறந்தால் சிறு பிழை நுழையும். இதைவிடப் பெரிய பிழை, அட்டவணையில் ஓர் அச்சின் குறி கூட்டலுக்குக் கழித்தலாக மாறிப்போவது. இதில் எஃப்.ஏ. கொஞ்சமும் மாறாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. தடம் வரையத் தொடங்கியதும்தான் இழைகள் போகக்கூடாத இடத்துக்குப் போகும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்செலிலும் முதன்மைத் திசையைச் சிறு கோடாக வரையச் சொல்லி, கார்பஸ் கலோசத்தின் முன்வளைவைப் பாருங்கள். கோடுகள் வளைவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வளைவைக் குறுக்கே வெட்டினால் அட்டவணை தவறு. நிற வரைபடம் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. இடவலம் சிவப்பு, முன்பின் பச்சை, மேல்கீழ் நீலம் என்பதெல்லாம் பார்க்கச் சரியாகவே இருக்கும்.

இரைச்சலும் ஒரு திருடன்தான். சமிக்ஞை-இரைச்சல் விகிதம் குறையும்போது எஃப்.ஏ. இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பி-பூஜ்யப் படத்தில் இந்த விகிதம் 20க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை.

குழுக்களை ஒப்பிட அதிகம் பயன்படுவது, 2006இல் வந்த டி.பி.எஸ்.எஸ். என்ற முறை. ஒவ்வொருவரின் தடங்களின் நடுமுதுகை மட்டும் எடுத்து ஒரு பொது எலும்புக்கூட்டின் மேல் படியவைக்கும், எஃப்.ஏ. 0.2க்குக் கீழே உள்ளதைக் கழித்துவிடும். பொருத்தும் பிழையை இது குறைக்கிறது. ஆனால் சிங்குலமும் கார்பஸ் கலோசமும் ஒட்டி ஓடும் இடத்தில் ஒன்றின் மதிப்பு மற்றதில் போய் விழ வாய்ப்புண்டு. இந்த இரண்டு தடங்களும்தான் பைபோலாரில் முதன்மையாகப் பேசப்படுபவை என்பதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. தனித்தனித் தடங்களை வரைந்து எடுக்கும் முறைக்கும் அதன் பங்கு நோவு உண்டு. 2017இல் 20 ஆய்வுக்குழுக்கள், விடை முன்பே தெரிந்த ஒரு செயற்கை மூளையில் தங்கள் மென்பொருளைச் சோதித்தன. இருக்கும் தடங்களில் பெரும்பாலானவற்றை அவை கண்டுபிடித்தன. கூடவே, இல்லாத தடங்களை அதைவிட அதிகமாக வரைந்தன.

நோயாளிகளிடம் காணப்பட்டது

டி.டி.ஐ. வருவதற்கு முன்பே ஒரு தடயம் இருந்தது. 1980களின் பிற்பாதியிலிருந்தே, பைபோலார் உள்ளவர்களின் எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருளுக்குள் வெள்ளைப் புள்ளிகள் அதிகம் என்று கட்டுரைகள் வரத் தொடங்கின. 2008இல் வந்த தொகுப்பாய்வு, ஆழ்ந்த வெண்பொருளில் இப்படிப்பட்ட புள்ளிகள் இருக்கும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 2.5 மடங்கு என்று கணக்கிட்டது. ஆனால் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி, முதுமை எல்லாமே அதே புள்ளிகளைத் தரும். ஸ்கேன் அறிக்கையில் ‘வெண்பொருளில் சில மிகைஒளிப் புள்ளிகள்’ என்று ஒரு வரி இருந்தால் அதைப் பைபோலாரின் முத்திரையாக யாரும் படிக்கக் கூடாது.

டி.டி.ஐ.யில் சிறுசிறு ஆய்வுகள் ஆளுக்கொரு தடத்தைச் சுட்டிக்கொண்டிருந்த காலம் நீண்டது. 2019இல், பல நாட்டு மூளைப்பட ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பின் பைபோலார் குழு 26 ஆய்வுத் தொகுதிகளை ஒன்றாக்கி, நோயாளிகளும் நோயில்லாத ஒப்பீட்டாளர்களுமாக 3,033 பேரின் படங்களை ஒரே முறையில் அலசியது. அளந்த 43 பகுதிகளில் 29இல் நோயாளிகளின் எஃப்.ஏ. குறைவாக இருந்தது. கூடுதல் வேறுபாடு கார்பஸ் கலோசத்திலும் சிங்குலத்திலும். ‘நெற்றிக்கும் அமிக்டலாவுக்கும் இடையே மட்டும் அறுந்த கம்பி’ என்ற அழகான கதை இதில் பிழைக்கவில்லை. வேறுபாடு மூளை முழுக்கப் பரவியிருக்கிறது. கூட்டமைப்பின் ஸ்கிட்ஸோஃப்ரினியா ஆய்விலும், அதாவது 29 தொகுதிகள், 25 பகுதிகளில் 20இல் குறைவு என்று கண்ட ஆய்விலும், இதையொத்த சித்திரமே கிடைத்தது. ஆக, இது பைபோலாருக்கே உரிய அடையாளமும் இல்லை.

வேறுபாட்டின் அளவையும் பாருங்கள். மிக அதிகமாக வேறுபட்ட பகுதியிலேயே, எஃப்.ஏ.வின் ஏற்றத்தாழ்வில் நோய் விளக்கும் பங்கு 4 சதவீதம். இன்னொரு விதமாகச் சொன்னால் இரு குழுக்களின் வரைகோடுகளும் 84 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒரு நோயாளி, ஒரு ஒப்பீட்டாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு இருவரைத் தேர்ந்தால், நோயாளியின் எஃப்.ஏ. குறைவாக இருப்பது 100க்கு 61 தடவை. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும்.

அதே ஆய்வில் லித்தியம் எடுத்துக்கொள்வோரிடம் எஃப்.ஏ. கூடுதலாகவும், நோய் தாமதமாகத் தொடங்கியோரிடமும் நோயுற்ற காலம் குறைவானவர்களிடமும் கூடுதலாகவும் இருந்தது. லித்தியம் ஜி.எஸ்.கே.-3 என்ற நொதியைத் தடுக்கிறது. ஆய்வுக்கூட உயிரினங்களில் அது மையலின் உருவாக உதவுவதும் தெரிந்ததே. ஆகவே மருந்து வெண்பொருளைக் காக்கிறது என்பது நம்பத்தக்க விளக்கம். ஆனால் லித்தியத்தைத் தாங்கி, பயனடைந்து, தொடர்ந்து எடுப்பவர்கள் தொடக்கத்திலேயே வேறு மாதிரியான நோயாளிகளாக இருக்கலாம். ஒருமுறை எடுத்த படம் இந்த இரண்டையும் பிரிக்காது.

உறவினர்கள் ஏன் வேண்டும்

முடிச்சு இங்கேதான். நோயாளியின் வெண்பொருள் வேறுபட்டிருந்தால் அது நோய்க்கு முந்தியதா? பல மேனியாக்களும் மனச்சோர்வுகளும் விட்டுப்போன தழும்பா? மருந்து, மது, புகை, உடல்பருமன் ஆகியவற்றின் விளைவா? நோயாளியை மட்டும் எத்தனை ஆயிரம் பேர் படமெடுத்தாலும் விடை வராது. நோய் வராத, மருந்து எடுக்காத உடன்பிறப்பையோ பிள்ளையையோ பார்த்தால் பாதி முடிச்சு அவிழும். உறவினரின் எண் நோயாளிக்கும் பொதுமக்களுக்கும் நடுவே விழுந்தால் அது குடும்பவழிப் பண்பு. நோயாளியிடம் மட்டும் இருந்து உறவினரிடம் இல்லையென்றால் நோயின் அல்லது மருந்தின் தடம். உறவினரிடம் மட்டும் இருந்தால்? அது காப்பாக இருக்கலாம்: ஆபத்து இருந்தும் அவரை நோய் அண்டாமல் வைத்த ஏதோ ஒன்று.

எடின்பரோவின் பைபோலார் குடும்ப ஆய்வு இதில் முக்கியமானது. 2011இல் வந்த அதன் முடிவு, நோய் வராத 117 இளம் உறவினர்களை 79 ஒப்பீட்டாளர்களோடு பார்த்தது. உறவினர்களிடம் எஃப்.ஏ. பரவலாக, ஆனால் மெலிதாகக் குறைந்திருந்தது. மனநிலை சற்றே ஏறி இறங்கும் சைக்ளோதைமிக் சுபாவம் கூடக்கூட, உட்கவசத்தில் எஃப்.ஏ. குறைந்தது. நோய் என்று பெயர் வைக்க முடியாத இடத்திலேயே சுபாவத்துக்கும் வெண்பொருளுக்கும் ஒரு பிணைப்பு இருக்கிறது என்பதால் இந்த ஆய்வு மதிப்புப் பெறுகிறது. நெதர்லாந்தின் இரட்டையர் ஆய்வு 2009இல் வேறொரு பக்கத்திலிருந்து அதையே தொட்டது. வெண்பொருளின் கன அளவு குறைவது நோயின் மரபணு ஆபத்தோடு சேர்ந்து போகிறது. புறணியின் சாம்பல்பொருள் குறைவதில் சூழலின் பங்கு கூடுதல். இரட்டையர் ஆய்வுக்கு இங்கே தனி இடம் உண்டு. சாதாரணக் குடும்பத்தில் மரபணுவும் ஒன்றாகத்தான் வருகிறது, ஒரே வீட்டுச் சூழலும் ஒன்றாகத்தான் வருகிறது. ஒத்த இரட்டையரையும் ஒவ்வா இரட்டையரையும் ஒப்பிட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

எல்லா ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. சில ஆய்வுகள் நோயாளிகளின் பிள்ளைகளிடம் வேறுபாடே இல்லை என்றன, சில, எஃப்.ஏ. கூடியிருப்பதாகவே சொன்னன. கூட்டிப் பார்த்தால் இதில் புதிர் குறைவு.

முதல் காரணம் எண்ணிக்கை. மேலே சொன்ன 4 சதவீதத்தை வேறு அலகில் சொன்னால், நோயாளிகளின் வேறுபாடு 0.4 திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் சிதறலை அளக்கும் அலகு). அது முழுவதும் மரபணு வழி வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், மரபணுவில் பாதியைப் பகிரும் முதல்நிலை உறவினரிடம் எதிர்பார்க்கத்தக்கது 0.2தான். அதை 80 சதவீத நம்பகத்தோடு பிடிக்க ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர் வேண்டும். 20, 30 பேரை வைத்து நடந்த ஆய்வுகள்தான் பல. அவ்வளவு சிறிய வலையில் சிக்கும் மீன் பெரும்பாலும் தற்செயல்தான். குறைவு என்றும் வரும், கூடுதல் என்றும் வரும்.

அடுத்தது வயது. எஃப்.ஏ. குழந்தைப் பருவத்திலிருந்து ஏறி, முப்பதையொட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். 12 வயதுப் பிள்ளைகளையும் 24 வயதுப் பிள்ளைகளையும் ஒரே குழுவாகக் கலந்து சராசரி எடுத்தால், வளர்ச்சியின் வேகம்தான் வேறுபடுகிறது என்ற செய்தி அதற்குள் கரைந்து மறைந்துவிடும். இதோடு சேர்ந்தது ‘நோய் வராதவர்’ என்ற சொல்லின் நிலையின்மை. 45 வயது அக்கா நோய் வராதவர் என்றால் ஆபத்துக் காலத்தைத் தாண்டிவிட்டவர். 16 வயதுத் தம்பி நோய் வராதவர் என்றால், இன்னும் வரவில்லை என்று மட்டும் பொருள். முதல் வகையில் காப்பு தெரியும். இரண்டாவதில் காப்பும் ஆபத்தும் கலந்து கிடக்கும். இவர்களை ஒரே பெயரில் சேர்த்தால் எதிரெதிர் விளைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குறுக்கிடும் இழைகள் பற்றிய மேற்கண்ட கணக்கையும் நினைவில் வைத்தால், எஃப்.ஏ. கூடியதாக வந்த முடிவை உடனே ‘காப்பு’ என்று கொண்டாடவும் முடியாது.

குடும்ப ஆய்வில் மட்டும் வரும் புள்ளியியல் பிழை ஒன்றும் உண்டு. ஒரே வீட்டிலிருந்து வரும் மூன்று உடன்பிறப்புகள் மூன்று தனி ஆட்கள் அல்லர். எஃப்.ஏ.வே மரபுவழி வருவது என்பதால் அவர்களின் எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மூவரையும் தனித்தனியாக எண்ணினால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தோன்றும். குடும்பத்தை ஓர் அலகாக வைத்த கலப்பு மாதிரியோ, வரிசைமாற்றச் சோதனையில் குடும்பத்தை ஒரு தொகுதியாகக் கட்டி வைப்பதோ வேண்டும். ஒப்பீட்டாளர்களைத் தேர்வதிலும் கவனம் தேவை: அவர்களுக்கு நோய் இல்லை என்றால் போதாது, அவர்கள் குடும்பத்திலும் இல்லை என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு என்ன சொல்வது

கற்பனையாக ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். இன்றைய டி.டி.ஐ.யைவிட எவ்வளவோ மேலானது. நோய் வரப்போகும் 100 பேரில் 70 பேரைப் பிடிக்கும், வராத 100 பேரில் 70 பேரைச் சரியாக விடும். பைபோலார் பெற்றோரின் பிள்ளைகள் 1,000 பேருக்கு இதைச் செய்கிறோம். 80 பேருக்கு நோய் வரும் என்றால் 56 பேர் பிடிபடுவார்கள். வராத 920 பேரில் 276 பேரும் தவறாகப் பிடிபடுவார்கள். ‘ஆபத்து’ என்று சொல்லப்பட்ட 332 பேரில் நோய் வருவது 56 பேருக்கு, ஆறில் ஒருவருக்கு. மற்ற ஐந்து குடும்பங்கள் வீணான அச்சத்தோடு வாழும். இந்தக் கணக்கைக் காட்டாமல் ‘மூளை ஸ்கேனில் ஆபத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று காசு கேட்பவரிடம் எந்தப் பெற்றோரும் பிள்ளையை அழைத்துப்போக வேண்டாம்.

பேசிக் கேட்டுத் தெரிந்துகொள்வது இன்றைக்கு ஸ்கேனைவிட நெடுந்தூரம் முன்னே இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் பைபோலார் பெற்றோரின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து, அடுத்த ஐந்தாண்டில் நோய் வரும் வாய்ப்பை மதிப்பிடும் கணிப்பான் ஒன்றை 2017இல் வெளியிட்டார்கள். அதில் மூளைப்படம் எதுவும் இல்லை. பிள்ளையின் மனநிலை ஏற்ற இறக்கம், பதற்றம், சோர்வு, மேனியாவின் மெல்லிய அறிகுறிகள், அன்றாடச் செயல்பாடு, பெற்றோருக்கு எந்த வயதில் நோய் தொடங்கியது ஆகியவைதான் உள்ளீடு. பிரித்தறியும் திறன் 0.76, தற்செயலுக்கு 0.5, பிழையின்மைக்கு 1. வீட்டில் கவனிக்கக்கூடியதும் இதே பட்டியல்தான். நாலைந்து நாள் தொடர்ந்து தூக்கம் பாதியாகியும் களைப்பே இல்லாமல் பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால், வழக்கத்தை மீறிப் பேச்சும் எரிச்சலும் கூடினால், அதைத் தேதியோடு குறித்துவைத்து மனநல மருத்துவரிடம் காட்டுவது எந்த எஃப்.ஏ. எண்ணையும்விட அவருக்கு உதவும். பெற்றோரின் நோய் தொடங்கிய வயதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இளவயதில் தொடங்கியிருந்தால் பிள்ளைக்கான ஆபத்தும் கூடும்.

அப்படியென்றால் ஸ்கேன் எதற்கு? மருத்துவத்தில், முதல் மேனியா வந்தவருக்கு, குறிப்பாக நடுவயதைத் தாண்டி வந்தால் அல்லது நரம்பு அறிகுறிகளோடு வந்தால், கட்டி, பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவற்றை விலக்க வழக்கமான எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஆய்வில் அதன் வேலை வேறு. ஒரே பிள்ளையை 12 வயதில் தொடங்கி 25 தாண்டும்வரை ஓரிரு ஆண்டுக்கொருமுறை படமெடுத்து, நோய் வந்தவரின் வளைகோடு வராதவரின் வளைகோட்டிலிருந்து எந்த வயதில், எந்தத் தடத்தில் பிரிகிறது என்று பார்ப்பது. இதற்குப் பல பி மதிப்புகளில் எடுக்கும் புதிய முறைகள் உதவுகின்றன. 2012இல் வந்த நோடி மாதிரி, இழைகளின் அடர்த்தியையும் அவை விசிறிபோல் விரிவதையும் தனித்தனியே கணிக்கிறது. கட்டற்ற நீரைக் கழிக்கும் முறை, மூளைத் தண்டுவட நீரின் கலப்பை நீக்குகிறது. எஃப்.ஏ. என்ற ஒற்றை எண்ணுக்குள் மாட்டிக்கொண்ட காரணங்களை இவை கொஞ்சமாவது பிரித்துக் கொடுக்கும். ஆனால் பத்தாண்டு நீளும் ஆய்வில் நடுவே ஸ்கேனரின் மென்பொருளோ, தலையைச் சுற்றி வைத்துச் சமிக்ஞையை வாங்கும் சுருளோ மாறினாலே எஃப்.ஏ. சில நூறில் ஒரு பங்கு நகரும். தேடும் விளைவும் அதே அளவுதான். காம்பேட் போன்ற சமன்படுத்தும் முறைகள் உண்டு. அவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நோய்ப்பின்னணி உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்தே படமெடுக்கப்பட்டிருக்க வேண்டும். உறவினர்களை எல்லாம் முதல் மூன்று ஆண்டிலும் ஒப்பீட்டாளர்களைப் பிறகும் எடுத்துவிட்டால், கருவியின் வேறுபாட்டைக் குடும்பத்தின் வேறுபாட்டிலிருந்து எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.